100 மீட்டர் பட்டர்ஃபிளை: கடைசி ஒன்றரை மீட்டரில் சறுக்குவதா, இன்னொரு ஸ்டிரோக் எடுப்பதா?

கேள்வி: மீனாட்சி, வேளச்சேரி

அனைவருக்கும் வணக்கம். என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் பயிற்சி பெறுகிறான்; இரண்டு கைகளையும் ஒருசேர முன்னால் வீசி நீந்தும் 100 மீட்டர் பட்டர்ஃபிளைதான் அவனுடைய முதன்மைப் போட்டி. பந்தயத்தின் முடிவில், முழு ஸ்டிரோக் (கைவீச்சு) ஒன்றுக்கு இடம் போதாத நிலையில் சுவரை நெருங்கும்போது, கைகளை முன்னால் நீட்டியபடி உதைத்துச் சறுக்கித் தொடுவதா, அல்லது குறுகலாக இன்னொரு ஸ்டிரோக் எடுத்துத் தொடுவதா என்பதில் அவனுக்குத் தெளிவு இல்லை. பயிற்சியாளர் சறுக்கவே கூடாது என்கிறார். உடன் நீந்தும் மூத்த மாணவர்களோ, நெருக்கத்தில் எடுக்கும் ஸ்டிரோக் முழங்கையைச் சுவரில் இடிக்க வைத்து நேரத்தைத்தான் வீணாக்கும் என்கிறார்கள்.

இதற்காக 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிப் பந்தயத்தின் காணொளியை நாங்கள் இருவரும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மைக்கேல் ஃபெல்ப்ஸ் 50.58 விநாடி, செர்பியாவின் மிலோராட் சாவிச் 50.59 விநாடி. தண்ணீருக்கு மேலிருந்து எடுத்த காட்சியில் சாவிச்சின் கைகளே சுவருக்கு அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் தங்கம் ஃபெல்ப்ஸுக்குப் போயிற்று. அது எப்படி என்று மகன் கேட்கிறான். கருவி பிழை செய்திருக்க வாய்ப்பு உண்டா? நூறில் ஒரு பங்கு விநாடியை நம்பி முடிவு சொல்லலாம் என்றால், ஆயிரத்தில் ஒரு பங்கு வரை ஏன் பார்ப்பதில்லை? 2016 ரியோ ஒலிம்பிக்கில் இதே போட்டியில் மூன்று பேருக்கு வெள்ளி கொடுத்தார்களே, அங்கே அதைக் கொண்டு வரிசைப்படுத்தியிருக்கலாம் அல்லவா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: குளக்கரை, மயிலாப்பூர்

அம்மா, வணக்கம். நான் பல ஆண்டுகள் நீச்சல் போட்டிகளில் நேரக்காப்பாளராகவும் திருப்ப நடுவராகவும் இருந்தவன். கருவி பற்றிய பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். நீச்சல் நுட்பத்தைப் பயிற்சியாளர்கள் சொல்வதே முறை.

பெரிய போட்டிகளில் கடிகாரத்தை நிறுத்துவது நடுவரோ கேமராவோ அல்ல, நீந்துகிறவரின் கைதான். சுவரில் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத தடிமனில் தொடுபலகை பொருத்தப்பட்டிருக்கும். அலை மோதினாலோ பக்கத்து லேனின் தண்ணீர் வந்து அடித்தாலோ அது இயங்கிவிடக் கூடாது என்பதால், குறிப்பிட்ட அளவு அழுத்தம் பட்டால்தான் நேரம் பதிவாகும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே கை பலகைக்கு அருகில் வந்துவிட்டது என்பதற்கும், லேசாக அதைத் தீண்டியது என்பதற்கும் கணக்கு இல்லை. அழுத்திய நொடிதான் கணக்கு. மேலிருந்து எடுத்த காணொளியில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. நீருக்கடியில் எடுத்த படங்களில்தான் ஓரளவு தெரியும்.

2008 ஆகஸ்ட் 16 அன்று நடந்த அந்தப் பந்தயம் முடிந்ததும் செர்பிய அணி முறைப்படி முறையீடு செய்தது. நடுவர் குழு நீருக்கடிக் காட்சியை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தது. முறையீடு செய்த அணியினருக்கும் அந்தக் காட்சி காட்டப்பட்டது. சாவிச் சறுக்கியபடி வந்துகொண்டிருக்கிறார், ஃபெல்ப்ஸ் கைவீச்சின் வேகத்தோடு பலகையை அடிக்கிறார் என்பது அதில் தெரிந்தது. முடிவு மாறவில்லை. அந்த முடிவில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. இரண்டு வகைப் பதிவுகள், அதாவது பலகையும் நீருக்கடிக் கேமராவும், ஒன்றையொன்று உறுதி செய்த பிறகும் ஐயப்படுவது அந்த இரண்டு வீரர்களுக்குமே நியாயமாகாது.

ஆயிரத்தில் ஒரு பங்கு பற்றிய கேள்வி மிக நல்ல கேள்வி. அதையும் ஒரு காலத்தில் பார்த்தார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லே (ஒருவரே நான்கு வகை நீச்சலையும் நீந்தும்) பந்தயத்தில் சுவீடனின் குன்னார் லார்சன் 4 நிமிடம் 31.981 விநாடியும், அமெரிக்காவின் டிம் மெக்கீ 4 நிமிடம் 31.983 விநாடியும் எடுத்தார்கள். ஆயிரத்தில் இரண்டு பங்கு விநாடியில் தங்கம் முடிவாயிற்று. அதன் பிறகுதான், நூறில் ஒரு பங்குக்குக் கீழே போவதில்லை என்று விதியை அமைத்தார்கள். காரணம் கடிகாரத்தில் இல்லை, குளத்தில் இருக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில் நீந்துகிறவர் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் கடப்பது 2 மில்லிமீட்டர் மட்டுமே. குளம் 50 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறதே தவிர, ஒரு லேனில் ஓரிரு சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பதை அதே விதி அனுமதிக்கிறது. நான்காம் லேன் சுவரும் ஐந்தாம் லேன் சுவரும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன என்று எவராலும் உறுதி கூற முடியாதபோது, கடிகாரம் மட்டும் அவ்வளவு நுட்பமாகப் பிரித்துச் சொல்வதில் பொருள் இல்லை. ரியோவில் ஃபெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் சாட் லெ க்ளோஸ், ஹங்கேரியின் லாஸ்லோ செஹ் ஆகிய மூவரும் 51.14 விநாடியில் தொட்டார்கள். மூவருக்கும் வெள்ளி, வெண்கலம் யாருக்கும் இல்லை. அதுவே நேர்மையான தீர்ப்பு.

உங்கள் மகனுக்கு ஒன்று சொல்லி வையுங்கள். தொடுபலகை இல்லாத உள்ளூர்ப் போட்டிகளில் ஸ்டாப் வாட்ச் பிடித்து நிற்பவர் மனிதர். ஒரு லேனுக்கு மூன்று கடிகாரம் வைத்தால், இரண்டு ஒத்துப் போனால் அந்த நேரத்தையும், மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ள நேரத்தையும் எடுத்துக்கொள்வார்கள். அத்தகைய போட்டியில் சில நூறில் பங்கு கூடிற்று, குறைந்தது என்பதை வைத்து மனம் தளரவோ பூரிக்கவோ வேண்டாம்.


பதில்: ஆழ்நீலம், அண்ணா நகர்

அக்கா, நான் பட்டர்ஃபிளை நீந்தி வளர்ந்தவன். இப்போது சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். உங்கள் மகனின் பயிற்சியாளர் அவனை நேரில் பார்க்கிறவர் என்பதால் அவர் சொல்லை மீறச் சொல்ல மாட்டேன். ஆனால் சறுக்குவது சரியா, ஸ்டிரோக் எடுப்பது சரியா என்ற கேள்விக்கு, சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு விடை கிடையாது.

முதலில் ஃபெல்ப்ஸ் எப்படி வென்றார் என்று பார்ப்போம். பட்டர்ஃபிளையில் கைகள் தண்ணீருக்கு மேலாக முன்னோக்கி வீசப்படும்போது, உடலின் வேகத்தோடு கைவீச்சின் வேகமும் சேர்கிறது. அந்த நேரத்தில் விரல்நுனி செல்லும் வேகத்தை, நீருக்குள் நீட்டிய கைகளால் ஒருபோதும் எட்ட முடியாது. சறுக்குகிறவரின் உடலோ ஒவ்வொரு கணமும் வேகத்தை இழந்துகொண்டே வருகிறது. உதையினால் அந்த இழப்பைக் குறைக்கலாமே தவிர நிறுத்த முடியாது. சாவிச் நீண்ட சறுக்கலைத் தேர்ந்தார், கடைசியில் தலையும் சற்று நிமிர்ந்தது. தலை நிமிர்ந்தால் இடுப்பு இறங்கும், மார்பு தண்ணீரைத் தடுக்கும். ஃபெல்ப்ஸ் தலையைத் தாழ்த்தியே வைத்து அரை ஸ்டிரோக் ஒன்றைக் கூடுதலாக எடுத்தார். அவருடைய வேகத்தில் நூறில் ஒரு பங்கு விநாடி என்பது இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு.

இதற்கு 20 ஆண்டுகள் முன்பே இதே கதை நடந்திருக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் அமெரிக்காவின் மேட் பியோண்டி முன்னிலையில் வந்தார். சுவருக்கு அருகில் வந்தபோது இரண்டு ஸ்டிரோக்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார், சறுக்கத் தீர்மானித்தார். சூரினாம் நாட்டைச் சேர்ந்த அந்தோனி நெஸ்டி ஸ்டிரோக்கோடு வந்து தொட்டார். நெஸ்டிக்கு 53.00, பியோண்டிக்கு 53.01. அப்போது அந்த நாட்டிலேயே 50 மீட்டர் நீளமுள்ள குளம் ஒன்றுதான் இருந்தது. ஒலிம்பிக்கில் சூரினாம் பெற்ற ஒரே தங்கம் இன்றுவரை அதுதான். அந்த நெஸ்டியே பிறகு பயிற்சியாளராகி, இன்றைய உலக சாதனையாளரான கேலெப் டிரெசலுக்குப் பயிற்சி அளித்தார் என்பதை என் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கே உற்சாகம் பிறக்கும்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் கடைசி மீட்டரில் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம்" என்று உங்கள் மகன் முடிவு கட்டிவிடக் கூடாது. 2012 லண்டனில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் பந்தயத்தைத் தேடிப் பாருங்கள். அதில் கடைசி நீளம் முழுவதும் முன்னிலையில் இருந்த ஃபெல்ப்ஸ் சுவருக்கு முன் சறுக்கினார். லெ க்ளோஸ் ஸ்டிரோக்கை முடித்து 1 நிமிடம் 52.96 விநாடியில் தொட்டார். ஃபெல்ப்ஸுக்கு 1 நிமிடம் 53.01. பெய்ஜிங்கில் அத்தனை துல்லியமாகத் தீர்மானித்த அதே மனிதருக்கு லண்டனில் கணக்கு அமையவில்லை. களைப்பின் உச்சத்தில் அரை நொடிக்குள் எடுக்கும் முடிவை யாரும் முழுக்க நம்ப முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதனால்தான், கடைசி மீட்டரில் முடிவெடுக்க வேண்டிய நிலைக்கே வராதபடி நீந்த வேண்டும் என்று நான் கற்பிக்கிறேன்.

அது எப்படி என்றால், நீளம் தாண்டுகிறவர் பலகைக்கு முன் கடைசிச் சில எட்டுகளைச் சரிசெய்துகொண்டு வருகிறாரே, அதுபோலச் சுவருக்கு 15 மீட்டர் முன்பிருந்தே ஸ்டிரோக்கின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். லேன் கயிற்றில் 15 மீட்டரில் ஓர் அடையாளம் இருக்கும். கடைசி 5 மீட்டரில் கயிற்றின் நிறம் மாறும். ஒரு ஸ்டிரோக்கில் 2 மீட்டர் போகிற பையனுக்கு அந்த 15 மீட்டரில் ஏழெட்டு ஸ்டிரோக்குகள் வரும். ஒவ்வொன்றிலும் 10 சென்டிமீட்டர் கூட்டினாலோ குறைத்தாலோ மொத்தம் 70, 80 சென்டிமீட்டர் வித்தியாசம் கிடைத்துவிடும். கைகள் முழுதாக நீளும் நேரமும் சுவர் வரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடும். வேகம் குறைந்ததே தெரியாது.

குளத்தின் அடியில் ஓடும் கருங்கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்பாகக் குறுக்குக்கோட்டோடு முடிவதை அவன் கவனித்திருப்பான். முகம் தண்ணீரில் இருக்கும்போது அவனுக்குத் தெரியக்கூடிய கடைசி அடையாளம் அதுதான். அந்தக் குறுக்குக்கோட்டைத் தலை கடக்கும் நேரத்தில் கைகள் எங்கே இருக்கின்றன என்பதை ஒவ்வொரு பயிற்சியிலும் மனதில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகு கைகள் முன்னால் நுழையும்போது விரல்நுனிக்கும் சுவருக்கும் ஒரு முழங்கை நீளம்தான் மீதம் என்றால், தலையைத் தாழ்த்தி இரண்டு உதைகளோடு நீட்டித் தொடலாம். அதைவிட அதிகமாக இடம் இருந்தால், குறுகலாக இருந்தாலும் இன்னொரு ஸ்டிரோக் எடுத்தே ஆக வேண்டும். என் அனுபவத்தில் சிறுவர்கள் பெரும்பாலும் சறுக்கித்தான் பந்தயத்தை இழக்கிறார்கள். முழங்கை சுவரில் இடித்து இழந்தவர்கள் மிகச் சிலரே. உங்கள் மகனின் பயிற்சியாளர் அத்தனை கண்டிப்பாகச் சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கும்.


பதில்: நெய்வேலிக்காரன், தாம்பரம்

மேலே உள்ள இரண்டு பதில்களையும் ஏற்கிறேன். ஆயினும் பேச்சு முழுவதும் கடைசி ஒரு மீட்டரைச் சுற்றியே இருப்பது எனக்குக் கவலை தருகிறது. பெய்ஜிங் பந்தயத்தின் பாதித் தூரத்தில் சாவிச் 23.42 விநாடியில் திரும்பினார்; ஃபெல்ப்ஸ் 24.04 விநாடியில், ஏழாவதாகத் திரும்பினார். இரண்டாம் பாதியைச் சாவிச் 27.17 விநாடியிலும் ஃபெல்ப்ஸ் 26.54 விநாடியிலும் நீந்தினார்கள். நூறில் 62 பங்கு பின்தங்கியிருந்தவர் 63 பங்கை மீட்டிருக்கிறார். அதில் கடைசி ஸ்டிரோக்கினால் வந்தது ஒரு சிறு பகுதிதான். மீதி முழுவதும், மற்றவர்களின் தோள்கள் கனக்கத் தொடங்கிய நேரத்தில் அவருடைய ஸ்டிரோக் கலையாமல் இருந்ததால் வந்தது. அடுத்த ஆண்டு ரோம் உலகப் போட்டியிலும் சாவிச்தான் முதலில் திரும்பினார், ஃபெல்ப்ஸ்தான் முதலில் தொட்டார்: 49.82க்கு 49.95. தண்ணீரின் தடையைக் குறைத்து வேகம் கூட்டிய அன்றைய பாலியூரித்தேன் நீச்சலுடைகளின் உதவி இருவருக்கும் இருந்தது. எனவே அந்த நேரங்களை இன்றைய நேரங்களோடு அப்படியே ஒப்பிட வேண்டாம், ஆனால் பந்தயத்தின் போக்கைக் கவனிக்கலாம்.

எதிர்த்திசையில் நீந்தி வென்றவர்களும் இருக்கிறார்கள். ரியோவில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் தொடக்கத்திலிருந்தே முன்னால் சென்று 50.39 விநாடியில் முடித்தார்; பின்னால் வந்த மூவரும் முக்கால் விநாடி தள்ளித்தான் தொட்டார்கள். தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் அந்தச் சிறிய நாட்டுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அது. டோக்கியோவில் டிரெசல் 49.45 விநாடியில் உலக சாதனை படைத்தபோதும் முதல் பாதியில் சேர்த்த முன்னிலைதான் அவரைக் காப்பாற்றியது. இரண்டாம் பாதியை அவரைவிட வேகமாக நீந்திய ஹங்கேரியின் கிறிஸ்டோஃப் மிலாக் 49.68 விநாடியில் வந்து சேர்ந்தார். அதே மிலாக் 2024 பாரிஸில் 49.90 விநாடியில் தங்கம் வென்றார். கனடாவின் ஜோஷ் லியெண்டோ 49.99. பையன் எந்த வகை நீச்சல்காரன் என்பதை முதலில் பயிற்சியாளரோடு உட்கார்ந்து கண்டறியுங்கள். அவனுடைய இரண்டு பாதிகளின் நேரத்தையும் ஒவ்வொரு போட்டியிலும் தனித்தனியாகக் குறித்து வைத்தால் சில மாதங்களில் அது தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்க் குளத்தில் நீந்தி வளர்ந்த சஜன் பிரகாஷைப் பற்றியும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருடைய தாய் ஷாண்டிமோள் தடகள வீராங்கனை, நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் பணி என்பதால் மகன் நெய்வேலியில் வளர்ந்தார். கழுத்து வட்டுப் பாதிப்பிலிருந்து மீண்டு, 2021 ஜூன் மாதம் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரம் 1 நிமிடம் 56.48. அந்தத் தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர். விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஒரு தொடக்கமும் மூன்று திருப்பங்களும் ஒரு முடிவும் உள்ள பந்தயத்தில், சுவரைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் நூறில் மூன்று பங்கை இழந்திருந்தாலே அந்த வாய்ப்பு நூலிழையில் கைநழுவிப் போயிருக்கும். சென்னைப் பிள்ளைகள் ஃபெல்ப்ஸின் காணொளியோடு இந்த நீச்சலையும் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.


மீனாட்சி, வேளச்சேரி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகனும் உடன் அமர்ந்து எல்லாவற்றையும் படித்தான். அவனுடைய போட்டிக் குறிப்பேட்டில் இனி இரண்டு பாதிகளின் நேரத்தையும் பிரித்து எழுதப்போகிறோம். அவனுக்கு மேலும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. கடைசி 5 மீட்டரில் மூச்சு எடுக்கலாமா? குறுகலான ஸ்டிரோக்கோடு தொடும்போது ஒரு கை மற்றொன்றைவிடச் சற்று மேலாகப் பட்டுவிட்டால் தகுதியிழப்பு ஆகுமா?


பதில்: ஆழ்நீலம், அண்ணா நகர்

மூச்சு எடுக்கத் தலை எழும்பும் ஒவ்வொரு முறையும் இடுப்பு தாழும் என்பதால், கடைசி இரண்டு ஸ்டிரோக்குகளிலாவது தலையைத் தண்ணீரிலேயே வைத்திருக்கப் பழகட்டும். ஆனால் அதற்கு முன்னால் மூச்சை அடக்கி வைக்க வேண்டாம். மூச்சு போதாமல் ஸ்டிரோக் சுருங்கினால், 15 மீட்டரிலிருந்து போட்ட கணக்கு முழுவதும் கலைந்துவிடும். இதைக் களைத்த நிலையில், பயிற்சியின் இறுதியில்தான் பழக வேண்டும். புத்துணர்வோடு இருக்கும்போது எண்ணிய எண்ணிக்கை பந்தயத்தின் கடைசிப் பகுதிக்குப் பொருந்தாது. பயிற்சியாளர் குளக்கரையில் நிற்கும்போது மட்டும் செய்யச் சொல்லுங்கள், தனியாக மூச்சடக்கும் பயிற்சி எதையும் செய்ய வேண்டாம்.


பதில்: குளக்கரை, மயிலாப்பூர்

அம்மா, இரண்டாம் ஐயத்துக்கு விதியில் தெளிவான விடை இருக்கிறது. திருப்பத்திலும் முடிவிலும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில், ஒன்றின் மேல் ஒன்று படியாமல் பிரிந்து, சுவரைத் தொட வேண்டும். நீர்மட்டத்திலோ, அதற்கு மேலேயோ, கீழேயோ தொடலாம். இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதி கேட்பதில்லை; ஆகவே ஒரு கை சற்று மேலே பட்டது என்பதற்காக எவரும் தகுதியிழக்க மாட்டார். ஒரு கை முன்னும் மற்றது பின்னுமாகப் பட்டால் மட்டுமே நடுவர் கை உயர்த்துவார். அவசரத்தில் பிள்ளைகள் ஒரு தோளைச் சாய்த்து ஒற்றைக் கையை எட்டவிடுவது வழக்கம். குறுகலான ஸ்டிரோக்கைப் பழகும் நாட்களில் இந்த ஒன்றைக் கவனிக்கும்படி பயிற்சியாளரிடம் சொல்லி வையுங்கள்.